வோங் அன்ரியின் ஏழாம் மாதம்

தம்பி ரஞ்சன் ரொறொன்ரோவில் செத்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு விசா கிடைத்தது. செத்தவீட்டை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கைபேசியில் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை படம் நின்றுபோனது. அவனுடைய அறையைக் காலி செய்து, வேண்டிய சாமான்களை எடுத்துவர ஒருவர் போகத்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவு எழுதுவினைஞன் நான். கோப்பு மூடுவதில் அனுபவசாலி என்று என்னையே பிடித்து அனுப்பினார்கள்.

புறப்படும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவன் கடைசியில கஷ்டப்பட்டவனோ எண்டு கேட்டுக்கொண்டு வா." நெஞ்சடைப்பு, நித்திரையிலேயே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா ஆறு மாதத்தைத் தாண்டினார்.

கனடாவுக்கு என்று புறப்பட்ட நான் போய் இறங்கியது சீனாவில் என்றால் அது முழுப் பொய்யில்லை. ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு சீனப் பெண்மணியின் வீட்டு நிலக்கீழ் அறையில்தான் தம்பி இருபது வருடம் குடியிருந்தான். விமான நிலையத்திலிருந்து என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவன் குகன். தம்பியோடு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்தவன், மல்வேர்னில் இருக்கிறான். தம்பி வேலைக்கு வரவில்லை என்று காலையில் தேடிப்போய், அவன் செத்துக் கிடந்ததை முதலில் கண்டவனும் இவன்தான்.

"வோங் அன்ரி ஹொங்கொங் ஆள், அண்ணை. மனுசன் போய்க் கனகாலம், தனியத்தான் இருக்கிறா. இங்கிலிஷ் மருந்துக்கும் வராது. நல்ல மனுசி. ஆனா..." என்று இழுத்தான்.

"ஆனா என்ன?"

"ஒண்டுமில்லை. உந்த அறையை இன்னும் ஒருத்தருக்கும் விடேல்லை. கேட்டுவந்த ஆக்களையும் திருப்பி அனுப்பிப்போட்டா."

அறைக்குப் பக்கவாட்டில் தனிக் கதவு. இரண்டு படி ஏறி, கதவைத் திறந்து, எட்டுப் படி இறங்க வேண்டும். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த அறை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். தூசி இல்லை. கட்டில் விரிப்பில் புதுச் சவர்க்கார மணம். துவாய் மடித்து வைத்திருந்தது. மணிக்கூடு ஓடியது. சுவரில் நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற சீனக் கலண்டர் ஒன்று தொங்கியது. தம்பி செத்தது பெப்ரவரியில். கலண்டரில் இருந்ததோ அன்றைய தேதி, ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. யாரோ ஒருவர் நாள் தவறாமல் வந்து கிழித்திருக்கிறார். நான் பயந்தாங்கொள்ளி அல்ல. ஆனாலும் அன்று விளக்கை அணைக்காமலே படுத்தேன்.

படுத்துக்கொண்டு பார்த்தால் கூரை கைக்கெட்டும் போல இருந்தது. கட்டிலுக்கு நேர் மேலே வட்ட வட்டமாகப் பத்துப் பதினைந்து குழிகள். கம்பால் குத்திய மாதிரி அடையாளங்கள். தம்பிக்கு என்ன விசரோ என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

திங்கட்கிழமை நண்பகல் கதவைத் திறந்தால் வெளிப்படியில் ஒரு கிண்ணம். அதில் கூம்பாய்ச் சோறு, மேலே அவித்த கீரை, ஒரு துண்டு கருவாடு, சர்க்கரை போட்டதுபோல் தித்திக்கிற இறைச்சி வட்டங்கள். சோற்றின் நடுவே இரண்டு குச்சிகளை நேராக நட்டு வைத்திருந்தது. பக்கத்தில் பழைய பால்மாத் தகரத்தில் மூன்று ஊதுபத்திகள் புகைந்தன. இலையான் வராமல் இருக்கக் கொளுத்தியிருக்கிறார், குச்சி கீழே விழுந்து அழுக்காகாமல் இருக்க நட்டிருக்கிறார், என்னே ஒரு விருந்துபசாரம் என்று உருகிப்போனேன். எங்கள் ஊரில் தூரத்துச் சொந்தக்காரரே இப்போதெல்லாம் தேத்தண்ணியோடு அனுப்பிவிடுகிறார்கள். குச்சிகளைப் பிடுங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, படியிலேயே இருந்து கையால் குழைத்துச் சாப்பிட்டேன். சோறு ஆறிப்போய்க் கிடந்தது. கீரையில் உப்பில்லை. சீனச் சமையல் இப்படித்தான் போலிருக்கிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்து எங்களுக்குப் பழக்கமில்லை. கிண்ணத்தைக் கழுவி, ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டியில் ஓர் ஓலைக் குட்டானை உள்ளே போட்டு, படியில் வைத்தேன். சற்று நேரத்தில் கிண்ணம் போய்விட்டது.

பின்னேரம் வீட்டைச் சுற்றி ஒரு நடை போனேன். முன்யன்னலால் வோங் அன்ரியின் தலை தெரிந்தது. தொலைக்காட்சியில் சீன அரண்மனை நாடகம் ஓடியது. தலை நிறையப் பூவும் ஊசியும் குத்திய பெண்கள் வாயைத் திறந்து அழுகிறார்கள், ஒருத்தி இன்னொருத்தியை அறைகிறாள். ஒரு சத்தமும் இல்லை. யன்னல் திறந்துதான் கிடந்தது, ஆனால் உள்ளேயிருந்து ஊசி விழுகிற ஒலிகூட வரவில்லை. காது கேளாதவர் போலும் என்று நினைத்தேன்.

காது நன்றாகவே கேட்கும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது. கூரை மூலையில் ஒட்டறை இருந்தது. தும்புத்தடியைத் தூக்கித் தட்டினேன். தடியின் காம்பு கூரையில் மூன்று முறை இடித்தது. மேலே ஒரு கதிரை விழுந்தது. ஓடிவந்த காலடிகள் என் தலைக்கு நேர் மேலே வந்து நின்றன. அதற்குப் பிறகு அசையவேயில்லை. நான் தும்புத்தடியைப் பிடித்தபடி கீழே, அந்தக் கால்கள் மேலே, நடுவில் ஒரு பலகை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. எனக்குக் கை உளைந்து தடியை மெல்லக் கீழே வைத்தேன். மேலே தரையில் யாரோ படுப்பது போலவும், பலகையில் காதை வைப்பது போலவும் ஒரு உராய்வு கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை வாசலில் அவரை நேருக்கு நேர் கண்டேன். எழுபது வயதிருக்கும். சின்ன உருவம், பூப்போட்ட மேல்சட்டை. கைபேசியை எடுத்து அதனிடம் ஏதோ சொன்னார். கைபேசி செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில், "வணக்கம். தாங்கள் உணவருந்திவிட்டீர்களா?" என்று கேட்டது. கண்டவுடன் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிற சாதி நாங்கள் மட்டும்தான் என்றிருந்த எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "ஓம்!" என்றேன். கைபேசி என்னத்தை மொழிபெயர்த்ததோ, மனுசி சட்டென்று இரண்டு கையையும் கூப்பி என்னை வணங்கினார். அதன் பிறகுதான் விளங்கியது, ஆமென்று சொல்கிற யாழ்ப்பாணத்து ஓமை அது மந்திரமாக எடுத்துக்கொண்டுவிட்டது. "நல்லா நித்திரை கொண்டனான், அன்ரி" என்று பேச்சை மாற்றப் பார்த்தேன். "மன்னிக்கவும். மீண்டும் கூறவும்" என்றது கைபேசி. பள்ளிக்கூடப் புத்தகத்துத் தமிழ் பேசினால் மட்டும்தான் அதற்கு மண்டையில் ஏறுகிறது.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "நேற்று தட்டியவர் தாங்களா?"

"ஆம். நான் சுத்தம் செய்தேன்" என்றேன்.

அவருடைய முகம் வாடிவிட்டது. தட்டியது நானாக இருக்கக்கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தது போலிருந்தது. தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று நண்பகலும் கிண்ணம் வந்தது. சாப்பிட்டேன். பனங்கட்டி வைத்தேன்.

அன்றே பஸ் பிடித்து வடக்கே, சீனக் கடைகள் கூடியிருக்கிற பக்கம் போனேன். தவறான பக்கத்தில் ஏறி, திரும்பி வந்து, ஒரு வாகனத் தரிப்பிடத்தில் இறங்கினேன். அங்கே நாற்பது பெண்கள் வரிசையாக நின்று ஒலிபெருக்கிப் பாட்டுக்கு நடனமாடினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி, ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாட்டு நின்றது. நாற்பது பேரும் தூக்கிய கையோடு, அடுத்த பாட்டு வரும்வரை, அப்படியே நின்றார்கள். எங்கள் கோயில் திருவிழாவில் இப்படி இரண்டு நிமிடம் இடைவெளி விட்டால் பாதிச் சனம் கச்சான் கடலை வாங்கப் போயிருக்கும். சுப்பர்மார்க்கெட்டுக்குள் தொட்டி தொட்டியாக மீன்கள். ஒரு தவளை கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அதன் கை மனிதக் கை போல இருந்ததால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதன்கிழமை பகல் கிண்ணத்தை முடித்துவிட்டு, பின்னேரம் குகனோடு ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். மேசை நடுவே சட்டி கொதிக்கும், இறைச்சியையும் கீரையையும் நாமே போட்டு எடுக்க வேண்டும். காசு கொடுத்து வந்து நாமே சமைக்கிற வினோதம். பரிமாறுவது பூனை முகம் போட்ட ஒரு இயந்திரம். அது உருண்டு உருண்டு வந்து, யாருமே இல்லாத பக்கத்து மேசைக்கு முன்னால் நின்று, கண்ணைச் சிமிட்டி ஏதோ சொன்னது. பதில் வரும் என்பதுபோலக் காத்திருந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"சாப்பாடு ஆறுதாம், எடுக்கட்டாம்" என்றான் குகன். அவனுக்குக் கொஞ்சம் சீனம் விளங்கும்.

மூலையில் ஒரு இளைஞன் தனியாகச் சாப்பிட்டான். அவனுக்கு எதிர்க்கதிரையில் பெரிய கரடிப் பொம்மை ஒன்றை இருத்தி, அதற்கு முன்னாலும் ஒரு கிண்ணம் வைத்திருந்தார்கள். தனியாக வருகிறவருக்குத் துணைக்காம். தம்பியும் இங்கே தனியாக வருவானா என்று கேட்க நினைத்து, சட்டியில் கீரையை அள்ளிப் போட்டேன்.

வியாழக்கிழமை குகன் லீவு போட்டுவிட்டு வந்தான். விடியவே புறப்பட்டோம். சீனக் கடைகள் நிறைந்த ஒரு பெரிய மோலின் நடுமண்டபத்தில் பாட்டுக்கூத்து நடக்கிறது, பார்க்காமல் போகக்கூடாது என்றான். காரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று என்னை வாசலில் இறக்கிவிட்டான். மண்டபம் நிறைந்து வழிந்தது. சுவரோரமெல்லாம் சனம் நின்றது. ஆனால் முன்வரிசை முழுவதும் காலி. சிவப்புத் துணி போட்ட பத்துக் கதிரைகள். எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில் முன்வரிசை அதிதிகளுக்கு. அதிதிகள் ஒரு நாளும் நேரத்துக்கு வரமாட்டார்கள். அதுவரை இருந்துவிட்டு எழும்புவதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. நேரே போய் நடுக்கதிரையில் இருந்தேன்.

பின்னால் இருந்த பேச்சு நின்றது. மேடையில் வெள்ளை முகம் பூசிய ஒருத்தி நீளக் கையை வீசிப் பாடினாள். அவள் சபையைப் பார்க்கவில்லை. முன்வரிசையை மட்டும், ஒவ்வொரு கதிரையாக, பார்த்துப் பாடிக்கொண்டு வந்தாள். என் இடப்பக்கத்து வெறும் கதிரையைப் பார்த்துச் சிரித்தாள். என்னிடம் வந்தபோது சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. பிறகு வலப்பக்கத்து வெறும் கதிரைக்குப் போய்விட்டது. இடப்பக்கக் கையில் மட்டும் எனக்குக் குளிர்ந்தது. குளிரூட்டியாக இருக்கலாம்.

குகன் குனிந்தபடி ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். "அண்ணை, எழும்புங்கோ. உந்தச் சீற் ஆக்களுக்கு இல்லை."

"பின்னை ஆருக்கு?"

"செத்த ஆக்களுக்கு. இது அவையின்ர ஏழாம் மாசம். யமலோகக் கதவு திறந்து எல்லாரையும் வெளியில விடுற மாசமாம். கூத்தே அவைக்குத்தான்."

துள்ளி எழும்பினேன். அவன் என்னை ஒரு ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினான். அங்கே ஒரு நீள மேசை இருந்தது. அதன்மேல் வரிசையாகக் கிண்ணங்கள், கூம்பு கூம்பாய்ச் சோறு, ஒவ்வொன்றின் நடுவிலும் நேராக நட்ட இரண்டு குச்சிகள். தகரப்பேணியில் ஊதுபத்தி.

"இதென்ன?" என்றேன்.

"படையல், அண்ணை. எங்கட மாதிரித்தான். உயிரோட இருக்கிற ஆக்களின்ர சோத்தில குச்சியை உப்பிடி நடமாட்டினம். சின்னப் பிள்ளை நட்டாலும் கையில அடிதான்."

மூன்று நாளாக என் தம்பியின் படையலைத் தின்றிருக்கிறேன். தின்றதோடு விடாமல் கிண்ணத்தைக் கழுவி இனிப்பும் வைத்திருக்கிறேன். ஊரில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று நாங்கள் வைத்த படையலைக் காகம் தொடவில்லை. அம்மா வெயிலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இங்கே யாரோ ஒரு பெண்மணி அவனுக்கென்று நாள்தோறும் வைத்ததை அண்ணன்காரன் வந்து விழுங்கியிருக்கிறேன். வெட்கத்தில் குகனிடம்கூடச் சொல்லவில்லை.

ஆறு மணிக்குத் திரும்பியபோதும் நல்ல வெயில். படியில் கிண்ணம் காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குச்சிகள் இரண்டும் அதன் மேல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. அன்ரியே எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார் என்று ஒரு நிம்மதி வந்தது.

வெள்ளிக்கிழமை நண்பகல் கிண்ணம் வந்தது. நான் தொடவில்லை. தம்பியின் சாமான்களைக் கட்டியாயிற்று, அடுத்த நாள் விமானம். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் போனால் மனம் ஆறாது. மேலே போய்க் கதவைத் தட்டினேன். சாமிமாடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. தொலைக்காட்சியில் சத்தமில்லாத அரண்மனை. தேத்தண்ணி தந்தார். கைபேசியை நடுவில் வைத்தார். நான் பள்ளிக்கூடத் தமிழில் தொடங்கினேன்.

"அம்மையாரே, அந்த உணவை உண்டவன் நான். எனக்குத் தெரியாது. மன்னியுங்கள்."

அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். கைபேசி சொன்னது: "அறிவேன். சமையலறை யன்னலில் பார்த்தேன். கையால் உண்டீர்கள். அவரும் அவ்வாறே உண்பார்."

"ஏன் தடுக்கவில்லை?"

"தாங்கள் மூத்தவர். மூத்தவர் உண்டால் இளையவருக்குக் கோபம் தணியும் என்று எண்ணினேன்."

"அவனுக்கு உங்கள் மேல் என்ன கோபம்?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பேசத் தொடங்கியபோது கைபேசியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அவர் சொல்லச் சொல்ல அந்தச் செய்திக் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் எனக்குச் சொன்னது.

"நான் நாடகத்தை அதிக சத்தத்தில் வைப்பேன். அவர் கீழிருந்து கம்பால் மூன்று முறை தட்டுவார். நான் சத்தத்தைக் குறைப்பேன். இருபது ஆண்டுகள் அப்படித்தான் உரையாடினோம். அன்று மாலை நான்கு மணி. நாடகத்தின் இறுதிப் பகுதி. அவர் தட்டினார். நான் குறைத்தேன். மீண்டும் தட்டினார். மேலும் குறைத்தேன். மீண்டும் தட்டினார். சத்தத்தை முழுவதும் நிறுத்தினேன். திரையின் கீழே வரும் எழுத்தைப் படித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு அவர் தட்டவில்லை. திருப்தியடைந்தார் என்று எண்ணினேன்."

நித்திரையிலே போகவில்லை. என் தம்பி கட்டிலில் கிடந்தபடி கூப்பிட்டிருக்கிறான். அவன் கூப்பிடக் கூப்பிட மேலே உலகம் மரியாதையாக அமைதியாகியிருக்கிறது. எழும்பிக் கத்தினேன். "ஒருக்காக் கீழ வந்து எட்டிப் பாத்திருக்கலாமேயணை! எட்டுப் படிதானே! எட்டுப் படி!"

"மன்னிக்கவும். மீண்டும் கூறவும்" என்றது கைபேசி.

திரும்பவும் கத்தினேன். திரும்பவும் அது மன்னிப்புக் கேட்டது. வோங் அன்ரி நான் என்ன சொல்கிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கதிரையில் இருந்து, மூச்சு வாங்கி, காணிக் கச்சேரிக் கடிதம் எழுதுகிற தமிழில் சொன்னேன்: "தாங்கள் ஒரு முறை கீழே வந்து பார்த்திருக்கலாம்." அப்படிச் சொல்லும்போது கோபத்தில் பாதி போய், வெறும் அழுகைதான் மிச்சம் இருந்தது. கைபேசி சொல்லி முடித்தது. "ஆம்" என்று ஒரே சொல்லில் அவர் பதில் சொன்னார். அவரும் அழுதார்.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போதும் சொல்லவில்லை. எழும்பி வாசலுக்குப் போனேன். பின்னால் கைபேசியின் குரல் கேட்டது.

"திங்கள், செவ்வாய், புதன் தாங்கள் உண்டீர்கள். வியாழக்கிழமை உண்டது யார்?"

திரும்பினேன். "தாங்கள் எடுக்கவில்லையா?"

"இல்லை. நான் நாள் முழுவதும் யன்னலில் இருந்தேன். ஒரு முறை மட்டும் அடுப்பை அணைக்க எழுந்தேன். திரும்பி வந்தபோது கிண்ணம் கவிழ்ந்திருந்தது. கழுவியிருந்தது. தாங்கள் நிமிர்த்தி வைப்பீர்கள். அவர்தான் கவிழ்த்து வைப்பார்."

இந்த ஊரில் ரக்கூன் என்று ஒரு விலங்கு உண்டு. குப்பைத்தொட்டியின் மூடியையே கழற்றுமாம். குகனிடம் சொன்னால் அதைத்தான் சொல்வான். நானும் அதையேதான் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்தக் குச்சிகள் பக்கம் பக்கமாகக் கிடந்த விதம் கண்ணில் நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். திரும்பி வந்தேன். மேசையில் கிடந்த ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அரண்மனைப் பெண்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டு அழுதார்கள். வோங் அன்ரி பதறி என் கையைப் பிடித்தார். தட்ட வேண்டுமென்றால் அவன் தட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டுக் கீழே போனேன்.

படியில் அன்றைய கிண்ணம் அப்படியே இருந்தது. ஊதுபத்தி எரிந்து முடிந்திருந்தது. குச்சிகளைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். உப்பில்லை. பாதியில் நிறுத்தி, மிச்சத்தைத் தம்பிக்கென்று கையால் ஒரு பக்கமாக ஒதுக்கி, படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.